மரை பொருந்தினால் போதும்

ஒரே வேரிலிருந்து கிளைத்தவை இலவச ஆபீஸ் மென்பொருள்கள். அவை ஒத்துழைத்தால் லாபம் சிறு பட்டறைக்கு. முரண்டு பிடித்தால் நஷ்டமும் அதற்கே.

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி 1970-களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில், ஒரு போல்ட் முழுக்க முழுக்க ஒரே கூரையின் கீழ் தயாராக வேண்டும் என்பதில்லை. ஒரு பட்டறை லேத்தில் கடைசல் பிடிக்கும். அடுத்த தெருவில் இன்னொன்று ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும். மூன்றாவது, துத்தநாக முலாம் பூசும். முதலாளிகள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருக்கலாம். ஆனாலும் சரக்கு கை மாறிக்கொண்டே இருக்கிறது. காரணம் எளிமையானது. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமான மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அதை யாரும் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதில்லை.

பட்டறையின் மூலையில் கொட்டேஷனும் டெலிவரி சலானும் தயாராகும் கம்ப்யூட்டருக்குள்ளும் இதே பிரச்சினைதான். லைசென்ஸ் கட்டணம் கட்டக் கையைக் கடிக்கிறது, திருட்டு காப்பி வைத்துக்கொள்ளவோ பயம். அப்படிப்பட்ட சிறு தொழிலதிபருக்கு இலவச ஆபீஸ் மென்பொருள் ஒரு வரப்பிரசாதம். ஆனால் எதை எடுப்பது? ஓபன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ், கலிக்ரா, அபிவேர்டு, நியூமெரிக் என்று பட்டியல் நீள்கிறது. முதல் இரண்டும் உடன்பிறப்புகள். மற்றவை தனித்தனியே பிறந்து பங்காளிகளானவை.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் 1980-களில் உருவாக்கத் தொடங்கிய மென்பொருளை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999-ல் விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூல நிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. ஓபன் ஆபீஸ் பிறந்தது இப்படித்தான்.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய மொழிகளில் அதைக் கொண்டுவர 'பாரதீய ஓபன் ஆபீஸ்' திட்டம் இங்கேதான் உருப்பெற்றது. மத்திய அரசு 2005 ஏப்ரலில் வெளியிட்ட இலவச தமிழ் மென்பொருள் குறுந்தகட்டில் அதன் தமிழ் வடிவம் இடம்பெற்றது. சம்பளம் எதிர்பாராமல் சொல் சொல்லாக மொழிபெயர்த்த தமிழ் ஆர்வலர்களின் உழைப்பும் இந்தத் துறையில் கணிசமானது. அதே தசாப்தத்தின் பிற்பாதியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறத் தொடங்கியது.

2010 ஜனவரியில் சன் நிறுவனம் ஆரக்கிள் வசம் போனது. புதிய எஜமானரின் போக்கில் நம்பிக்கை இழந்த நிரலாளர்கள் அந்த ஆண்டு செப்டம்பர் 28-ம் தேதி தனிக்குடித்தனம் போனார்கள். அவர்கள் அமைத்த டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் தயாரிப்புதான் லிப்ரே ஆபீஸ். மறு ஆண்டு ஆரக்கிள், ஓபன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஒரு வீடு இரண்டானது.

பாகப்பிரிவினை நடந்தும் பெரிய குழப்பம் நேராததற்குக் காரணம், பிரிவினைக்கு முன்பே வெட்டிவைத்த மரை. ஓ.டி.எஃப். எனப்படும் திறந்த ஆவண வடிவம் 2005 மே மாதம் ஓயாசிஸ் அமைப்பின் தரமாகவும் 2006-ல் ஐ.எஸ்.ஓ. 26300 என்ற சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இந்த வடிவில் லிப்ரே ஆபீஸில் போட்ட கணக்கை ஓபன் ஆபீஸிலும் திறக்கலாம், கலிக்ராவிலும் திறக்கலாம். மைக்ரோசாஃப்ட் முன்வைத்த போட்டி வடிவத்துக்கு ஐ.எஸ்.ஓ. வாக்கெடுப்பில் 2007-லும் 2008-லும் இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. ஆனாலும் அது நிறைவேறியது. 2010 நவம்பரில் மத்திய அரசு, மின் ஆளுமைக்குத் திறந்த தரங்களே வேண்டும் என்ற கொள்கையை அறிவித்தது.

ஒத்துழைப்பு ஃபைலோடு நிற்கவில்லை. ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்ட ஹன்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழை திருத்தி, ஓபன் ஆபீஸ் வழியாகப் பரவி இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம் வரை வேலை செய்கிறது. தமிழுக்கு இன்னும் முக்கியமானது ஹார்ஃப்பஸ். 'கொ' என்று அடித்தால் உயிர்க்குறியைப் பிரித்துக் ககரத்தின் இரு பக்கமும் நிறுத்தும் வேலை அதனுடையது. லிப்ரே ஆபீஸ் 2017-ல் எல்லா வகைக் கம்ப்யூட்டர்களிலும் அதற்கே மாறியது. ஒருவர் திருத்தினால் பலருக்கும் எழுத்து நேராகிறது. பழைய, விசித்திரமான ஃபைல்களைப் படிக்கும் நிரல்களைப் பொதுவில் வளர்க்க 2014-ல் ஒரு கூட்டுத் திட்டமே தொடங்கியது. போட்டி மேலே, பொதுச் சொத்து கீழே. பீன்யாவாசிகளுக்கு இது புதிதல்ல.

ஆனால் உடன்பிறப்புகளுக்கிடையே மட்டும் கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது. அப்பாச்சி உரிமத்தின் கீழ் எழுதியதை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம். திரையோரத்தில் நிற்கும் பக்கப்பட்டை அப்படி வந்ததுதான். லிப்ரே ஆபீஸின் உரிமம் வேறு. மாற்றியவர் மாற்றத்தையும் திறந்துதர வேண்டும் என்று அது நிபந்தனை போடுகிறது. அப்பாச்சியின் விதிகளோ அத்தகைய நிரலைச் சேர்த்துக்கொள்ள இடம் தருவதில்லை. கொள்கை அளவில் இரண்டு நிலைகளுக்கும் நியாயம் உண்டு. விலை கொடுப்பவர்தான் வேறு ஆள்.

2015-ல் அது வெளிச்சத்துக்கு வந்தது. கொரிய மொழி ஃபைல்களைப் படிக்கும் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை. பாட்டன் சொத்தாக வந்த அந்த நிரல் இரு வீட்டிலும் இருந்தது. ஏப்ரல் மாதமே லிப்ரே ஆபீஸ் அடைத்துவிட்டது. அந்தப் பகுதியையே நீக்கிவிடுங்கள் என்று பயனாளர்களுக்கு யோசனை சொன்ன ஓபன் ஆபீஸ், திருத்திய பதிப்பை வெளியிட்டது அக்டோபரில். அடுத்த ஆண்டு செப்டம்பரில், திட்டத்தை மூடிவிடலாமா என்ற விவாதமே அப்பாச்சிக்குள் எழுந்தது. மூடவில்லை. ஆனால் ஓபன் ஆபீஸின் 4.1 வரிசை 2014-ல் தொடங்கியது. அதற்குப் பின் வந்தவை பெரும்பாலும் திருத்தங்களே. 2020 அக்டோபரில் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது: இன்னொரு மென்பொருள் இருப்பதைப் பயனாளர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. ஓபன் ஆபீஸ் என்ற பெயர் இருபது ஆண்டுகளாக வாயில் பழகிவிட்டது. பட்டறைக் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வரும் பையன் பழக்க தோஷத்தில் அதையே நிறுவிவிட்டுப் போகலாம். வாங்குபவரின் ஆர்டர் என்று நினைத்து மின்னஞ்சலில் வரும் ஃபைலைக் கிளிக் செய்யும் கணக்காளருக்கு, இரு வீட்டுத் தகராறும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவரைக் காப்பது திருத்தங்கள் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கின்றன என்பதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது தீர்வாகாது. 2010-ல் ஒரே ஒரு வீடுதான் அனுமதி என்றிருந்தால், ஆரக்கிள் கைவிட்ட மறுநாள் போக்கிடம் இருந்திருக்காது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு தன் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக 2024-ல் அறிவிக்க முடிந்ததும் அன்று சிலர் பிரிந்து போனதால்தான்.

பீன்யா முதலாளி செய்ய வேண்டியது இரண்டு. தொடர்ந்து பராமரிக்கப்படும் பதிப்பை வைத்துக்கொள்வது. ஃபைலைத் திறந்த வடிவத்தில் சேமிப்பது. நாளை மென்பொருள் மாறலாம், கம்பெனி கைமாறலாம். மரை சரியாக இருந்தால் நட்டு எந்தப் பட்டறையிலிருந்து வந்தால் என்ன?