புகலிட உரிமையும் அரசின் இறைமையும்

அகதிகள் பற்றிய சர்வதேசச் சட்டம் மனிதாபிமானத்தின் வெற்றியாகவே பெரும்பாலும் போற்றப்படுகிறது. அச்சட்டத்தின் சொற்கள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன என நோக்குவோமாயின், அரசுகளின் நலன் அதில் ஆழப் பதிந்திருப்பது புலப்படும்.

1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 14 ஆம் உறுப்புரை, துன்புறுத்தலுக்குள்ளானோர் பிற நாடுகளிற் புகலிடத்தை நாடவும் துய்க்கவும் உரித்துடையர் என்கிறது. வரைவிலோ, நாடவும் அளிக்கப்பெறவும் உரித்துண்டு என்றிருந்தது. பிரித்தானியாவின் திருத்தம் அதனை மாற்றிற்று. கேட்கும் உரிமை நிலைத்தது. கொடுக்கும் கடப்பாடு நீங்கிற்று.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயமும் அக்கடப்பாட்டை விதிக்கவில்லை. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகிய ஐந்து காரணங்களால் துன்புறுத்தப்படுவரென நியாயமாக அஞ்சுவோரே அதன்படி அகதிகள். பட்டினியும் நிலமிழப்பும் தாமாக இதனுள் அடங்கா. எனினும், உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பலாகாது என 33 ஆம் உறுப்புரை தடுக்கிறது. புகலிடம் கோருவோர்க்குள்ள வலிய அரண் இதுவே. இவ்வரண் எங்கே தொடங்குகிறது என்பதே பின்னர் எழுந்த போராட்டம்.

1991 செப்டெம்பரில் ஹெயிற்றியின் ஜனாதிபதி அரிஸ்ரிட் இராணுவத்தாற் கவிழ்க்கப்பட, ஆயிரக்கணக்கானோர் படகேறினர். அவர்களிற் பெரும்பாலோர் பொருளாதாரக் காரணங்களுக்காகவே வருகின்றனர் என்றது ஐக்கிய அமெரிக்க அரசு. 1992 மே முதல் அவர்களைக் கடலில் மறித்து, விசாரணையின்றியே திருப்பியனுப்பியது. 33 ஆம் உறுப்புரை ஆழ்கடலிற் செல்லாது எனக் கூறி, 1993 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இதனை ஏற்றது. நீதியரசர் பிளக்மன் ஒருவரே மாறுபட்டார்.

ஐரோப்பாவில் தீர்ப்பு வேறாயிற்று. 2009 இல் சோமாலியரையும் எரித்திரியரையும் கடலில் மறித்து லிபியாவிடம் ஒப்படைத்த இத்தாலி, ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தை மீறியதென 2012 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்த்தது. அரசின் அதிகாரம் நீளுமிடமெல்லாம் அதன் பொறுப்பும் நீளும் என்பதே அதன் சாரம். ஆனால் 2017 இல் இத்தாலி லிபியாவுடன் உடன்பாடு செய்தது. படகும் பயிற்சியும் இத்தாலி வழங்க, மறிக்கும் வேலையை லிபியக் கரையோரக் காவற்படை ஏற்றது.

இதனாற் சட்டம் வெறும் மாயை என முடிவுகட்டுதல் தவறு. நேரடியாகச் செய்ததைப் பிறர் கையாற் செய்யுமாறு ஓர் அரசை நிர்ப்பந்தித்தது அச்சட்டமே. அதற்கப்பால் அதனாற் செல்ல இயலாமைக்குக் காரணம், 1948 இல் நீக்கப்பட்ட அச்சொல் இன்னும் மீளாமையே. அதனை மீட்பது சட்டவறிஞரின் பணி மட்டுமன்று. எல்லைக்கு அப்பாலிருந்து வருவோரைத் தம்மவராகக் காணும் உழைக்கும் மக்களின் அரசியற் பணியுமாகும்.