வெகுளியும் இறைபணியும்

சேலம் மாவட்டத்தில் மேட்டூர்க்கு அணித்தாயுள்ள மேச்சேரி, பத்திரகாளியம்மை எழுந்தருளியிருக்கும் பதி. தக்கன் வேள்வியில் இறைவன் இகழப்பட்டகாலை, உமையம்மையின் வெகுளியினின்றும் பத்திரகாளி தோன்றி, வீரபத்திரருடன் சென்று அவ்வேள்வியை அழித்தாள் என்று கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் கூறும். வெகுளியே வடிவாகிய அத்திருவுருவை அன்பர் தாயெனத் தொழுகின்றனர். திருவள்ளுவனாரோ வெகுளாமையைத் துறவறவியலில் ஓர் அதிகாரமாகவே வைத்து, சினம் பலிக்குமிடத்தும் அதனைக் காக்க என்பர். இவ்விரண்டையும் ஒருங்கே போற்றுதல் யாங்ஙனம் இயையும்?

இறைவனது வெகுளியும் உயிரினது வெகுளியும் சொல்லளவில் ஒன்று, பொருளளவில் வேறு. மலமிலனாகிய முதல்வனுக்கு இழப்பில்லை. ஆகவே இழப்பினால் வரும் சினமும் இல்லை. தம் சொல்வழி நில்லாத மகவைத் தாய்தந்தையர் அடித்துத் திருத்துதல்போல, அவன் ஒறுத்தலும் அருளே எனச் சிவஞானசித்தியார் விளக்கும். மறக்கருணை என்பது இதுவே. தலையிழந்த தக்கனும் ஆட்டுத்தலையோடு மீள உயிர்பெற்றான் அன்றோ! உயிரின் வெகுளியோ, விரும்பியது தடைப்பட்டவழி யான் எனதென்னும் செருக்கினின்று எழுவது. தன் சினத்திற்குக் காளியைச் சான்று காட்டுவோன் அம்மையை வழிபட்டானல்லன். தன் ஆணவத்தையே வழிபட்டான்.

சித்தியார் சுபக்கம் 2-ஆம் சூத்திரத்தில், அரனடிக்கு அன்புடையார் செய்த பாதகமும் அறமாதற்குச் சண்டேசுரரையும், அன்பிலார் செய்த அறமும் தீதாதற்குத் தக்கனையும் காட்டும் செய்யுளொன்று உளது. வாதமன்றங்களில் இதனை எடுத்தோதித் தம் கடுஞ்சொல்லைச் சிவத்தொண்டெனச் சாதிப்பார் சிலர். (அவர்தம் சினம் பெரும்பாலும் தம் உரை மறுக்கப்பட்டமையால் எழுந்தது, சிவநிந்தை பின்னர்த் தேடிக் கண்டது.) அன்பென்னும் அடையை நீக்கிவிடின் அச்செய்யுளால் பெறப்படுவது யாதுமில்லை. அவ்வன்பு வெகுளியுள் இருந்ததோ என அறிதற்கு உரைகல்லாவது, கொங்குநாட்டுக் கருவூரில் நிகழ்ந்த எறிபத்தநாயனார் வரலாறு.

மாநவமிக்கு முன்னாள், ஆனிலைப் பெருமானுக்குச் சிவகாமியாண்டார் கொணர்ந்த பூவைப் புகழ்ச்சோழரின் பட்டத்து யானை பறித்துச் சிந்திற்று. முதுமையால் அதனைப் பின்தொடர மாட்டாது அவர் வீழ்ந்து அரற்றினார். கேட்ட எறிபத்தர் பரசினால் யானையையும், உடன்சென்ற குத்துக்கோற்காரர் மூவரையும் பாகர் இருவரையும் வெட்டி வீழ்த்தினார். வரலாற்றை இவ்வளவோடு நிறுத்துவோரே பலர். சேக்கிழார் நிறுத்தினாரல்லர். அரசர் வந்தார், அடியவர் பிழையின்றிக் கொல்லார் எனத் தெளிந்தார், நிகழ்ந்தது கேட்டு, இத்தண்டம் போதாது, தம்மையும் கொல்க என உடைவாளை நீட்டினார். எறிபத்தரின் வெகுளி அக்கணமே போயிற்று. வாங்காவிடின் அரசர் தம்மைத் தாமே மாய்ப்பார் என்றஞ்சி வாளை வாங்கினார். இத்தகைய அன்பர்க்குத் தீங்கு நினைந்தேனே என்று அதனைத் தம் கழுத்திலேயே பூட்டினார். அரசர் கையையும் வாளையும் பிடித்துத் தடுத்தார். இறையருளால் யானையும் பாகரும் எழுந்தனர்.

பிறர் பிழைமேல் ஓங்கிய கை, அன்பைக் கண்டவழித் தன்மேல் திரும்புமாயின் அஃது இறைபணியாய் எழுந்த வெகுளி. பகைவன் தலைவணங்கிய பின்னும் தணியாதது மலத்தின் வெகுளி. உரையாசிரியர் இங்ஙனம் நெடிது நிற்கும் சினத்தைச் செற்றம் என்பர். வாய்மூடி அடக்கிய சினமும் உள்ளே செற்றமாய்ச் சேர்வதுண்டு. ஆதலின் அடக்குதல் மட்டும் சாதனமாகாது.

சாதனம் ஐந்தெழுத்தில் உளது. சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம், மகரம் மலம் என்பது உண்மைவிளக்கமும் திருவருட்பயனும் காட்டும் முறை. உயிரெழுத்து நடுவில் நிற்கின்றது. சினம் எழுங்கால் வைதானை நோக்குதலை விடுத்து, யகரம் எப்பக்கம் சாய்ந்ததென நோக்குக. ஊறு தனக்கோ, பிறர் வழிபாட்டிற்கோ? தனக்கெனின் நகர மகரங்களின் பக்கம் சாய்ந்தது தெளிவு. அப்பொழுதே சிகரத்தை முன்வைத்து ஓதுதல் வேண்டும். சினம் ஆறியபின் ஓதுவது எளிது, பயன் சிறிது.

திருக்கோவலூரில் மெய்ப்பொருள்நாயனாரை முத்தநாதன் குத்தியகாலை உடைவாளை உருவிப் பாய்ந்த தத்தனை ஈண்டு நினைவாரும் சிலரே. நாயனாரின் பொறுமையைப் புகழ்வோர் அவனைக் கடந்து போய்விடுவர். அவன் சினம் தன்பொருட்டன்று, தலைவன்பொருட்டு எழுந்தது. எனினும் வீழ்கின்ற தலைவரின் சொல்லுக்கு ஓங்கிய கை தாழ்ந்தது. கொன்றவனையே காத்து உடன்சென்றான். கொல்லச் சூழ்ந்த நகரமாக்களை அரசர் ஆணை கூறி விலக்கினான். ஊரார் அணுகாத காட்டெல்லையில் அவனை விடுத்து மீண்டான். விடையாயிற்று என்னும் அச்செய்தியைக் கேட்பதற்கே நாயனார் உயிர்தாங்கி இருந்தனர்.