பஞ்சமி நிலமும் இறையியல் மாணவரும்: செங்கல்பட்டில் ஓர் ஆய்வுப் பயிற்சி

குடிமை உரிமை இயக்கம் என்றவுடன் நம் இறையியல் மாணவர் மான்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பையும் மார்ட்டின் லூத்தர் கிங் போதகரையும் பற்றித் தடையின்றிப் பேசுவர். 1955 டிசம்பரில் தொடங்கிய அப்போராட்டம் 381 நாட்கள் நீடித்தது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நிகழ்ந்தது யாது என வினவினால் வகுப்பறை பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறது. இதற்காக மாணவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பாடநூல் தராததை அவர்களே தேடிக் காணும்படி அனுப்புவதே தக்க வழியாகும்.

தேடலை 1891ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றிலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டில் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு விரிவாக எழுதினார். மிராசுதார் ஊரின் தரிசு நிலத்திற்கும் முன்னுரிமை கொண்டாடினர். படியாள் ஒருவர் தரிசைக் கேட்டுத் தர்க்காஸ்து மனுக் கொடுத்தால், மிராசுதார் குறுக்கிட்டு அதனைத் தமக்கே பெற்றுக்கொள்ள முடிந்தது. படியாளின் குடிசை நின்ற மனையும் பல ஊர்களில் அவருக்குச் சொந்தமன்று. எதிர்த்துப் பேசினால் வீட்டையே இழக்க நேரிடும். உழைப்பவரிடம் நிலமில்லாமை விதியன்று, நில உரிமை முறையின் விளைவு என்பதை மாணவர் இவ்வறிக்கையில் கண்கூடாகக் காண்பர். 1892 செப்டம்பர் 30இல் வருவாய்த் துறையின் 1010ஆம் எண் ஆணை பிறந்தது. அதன் வழியாகவும் பின்வந்த வருவாய் வாரிய நிலையாணைகளின் வழியாகவும் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது. நிபந்தனை மீறப்பட்டால் அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம்.

இவ்வரலாற்றில் நம் சபைகளுக்கும் பங்குண்டு. ஸ்காத்லாந்து சுயாதீன சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சங்கத்தாராகிய வில்லியம் கௌடி ஆகியோர் நிலமற்றோருக்காக வாதாடினர். ஆண்ட்ரூவின் முயற்சியால் மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றம் எழுந்தது. இங்கு மாணவர் புகழுரையோடு நின்றுவிடலாகாது. மிஷன் நிலத்தில் குடியேறிய விசுவாசிக்கு மிஷனரி போதகரா, நிலக்கிழாரா? குத்தகை வசூலித்தவர் யார்? நிலம் இறுதியில் எவர் பெயரில் நின்றது? சேகரத்தின் பழைய குறிப்பேடுகள் சில விடைகளைத் தரக்கூடும். அவை நமக்கு இனிமையாயிருக்க வேண்டுமென்பதில்லை.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையும் ஒருவர் ஆராயலாம். பொதுச் சாலை, கிணறு, சந்தை ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். மான்ட்கோமரிக்கு முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது இது!

ஆனால் சாலையில் நடக்கும் உரிமையைவிட நிலத்தில் நிற்கும் உரிமையே கடினமானது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரித் தலித் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனையொட்டிச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தின்மீது 1994 அக்டோபர் 10இல் காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்தப்படுகிறது. அமெரிக்க வரலாற்றில் இதற்கு ஒப்புமை தேடுவோர் பேருந்தை விட்டு 1865ஆம் ஆண்டிற்குச் செல்லட்டும். ஷெர்மன் தளபதி தென் கரோலினா, ஜார்ஜியா கடலோர நிலங்களை விடுதலை பெற்ற அடிமைகளுக்கென ஒதுக்கினார். அதே ஆண்டில் ஆண்ட்ரூ ஜான்சன் அதிபர் அவற்றைப் பழைய உடைமையாளருக்குத் திருப்பித் தந்தார். கொடுக்கப்பட்டது கைமாறிய கதை இரு கடற்கரைகளுக்கும் பொது.

இனி, வேலைமுறை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் மூல ஆணைகளைப் படிக்க வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்து, 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானதால், எந்த ஊரின் ஆவணம் எந்த அலுவலகத்தில் உள்ளது என்பதை முன்னரே விசாரித்தறிவது நலம். பின்பு ஒரே ஒரு கிராமத்தைத் தெரிந்துகொண்டு, அதன் பழைய 'அ' பதிவேட்டையும் 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பின் எழுந்த பதிவேட்டையும் புல எண் வாரியாக ஒப்பிட வேண்டும். முன்னதில் 'டி.சி.' நிபந்தனைக் குறிப்புள்ள புலம் பின்னதில் சாதாரணப் பட்டாவாகியிருக்கிறதா? தராத பதிவேட்டை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். மாநிலத்தில் பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என மேடைகளில் கூறப்படுகிறது. அவ்வெண்ணை அப்படியே எழுதும் மாணவரிடம் மூலத்தைக் கேளுங்கள். ஒரு கிராமத்தின் பத்து ஏக்கரை ஆதாரத்துடன் காட்டுபவர் அதைவிட நல்ல ஆய்வாளர்.

முதியோரிடம் வாய்மொழி வரலாறு கேட்கச் செல்கையில் குறிப்பேட்டை முதலில் எடுக்கலாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் மனை விலை ஏறிய பின் நிலத்தைப் பற்றிப் பேசுவதே சிலருக்கு ஆபத்து. ஆகவே பேசியவர் பெயரும் இன்று நிலத்தை வைத்திருப்போர் பெயரும் வகுப்பறை அறிக்கையில் இடம்பெற வேண்டா. புல எண்களின் ஒப்பீட்டுப் பட்டியலையும் பதிவேட்டு நகல்களையும் மட்டும் ஒரு படி கூடுதலாக எடுத்து அவ்வூராரிடம் கொடுத்துவிட வேண்டும். வட்டாட்சியருக்கு மனு எழுதும்போது அவர்களுக்கு அவை தேவைப்படும்.