வில்லா, வாளா? மூணு நாள் யோசித்த மருமகன்!

"நீயே என்னன்னு கேளும்மா. மூணு நாளா ஒரே பக்கத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ஆடவும் மாட்டேங்கிறான், எந்திரிக்கவும் மாட்டேங்கிறான்!"

கோடை விடுமுறைக்கு தேவாரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் இறங்கியதுமே அண்ணி வாசித்த புகார் இது. மருமகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். அவனோ மேற்கு மலை தெரிகிற மொட்டை மாடியில், கையில் போனோடு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பணம் கட்டி ஆடும் ரம்மி ஏதாவதோ என்று எனக்கும் உள்ளூர ஒரு பயம். நல்லவேளை, அது இல்லை.

"அத்தை, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. இம்புட்டு இங்கிலீஷ் போட்டிருக்கான். தப்பா எடுத்துட்டா அப்புறம் மாத்தவே முடியாதாம்!"

தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை. விளையாட்டில் வரும் எழுத்து முழுக்க ஆங்கிலம். அதனால்தான் அந்த மூணு நாள் தவம்.

ஒரு தொழில், பல பிரிவு

அவன் வைத்திருந்தது 'பால்டர்ஸ் கேட்'. கனடாவின் பயோவேர் நிறுவனம் 1998-ல் கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட விளையாட்டு. அதைப் புதுப்பித்து, 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்ற பெயரில் போனுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். வாளும் மந்திரமும் நிறைந்த ஒரு கற்பனை உலகத்தில், நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் சேர்கிறவர்களோடு நம் கூட்டம் 6 பேர் வரை பெருகும்.

இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் தாய்வீடு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. திரையே இல்லாமல், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேப்பர், பென்சில், பகடையோடு கதை பேசி ஆடுவது. முதலில் அதில் 3 தொழில்கள்தான் இருந்தன: சண்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி மாதிரியான கிளெரிக். அந்தத் தொழிலுக்குத்தான் 'கிளாஸ்' என்று பெயர். பிறகு ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் பிரிவுகள் முளைத்தன. அதுதான் 'சப்கிளாஸ்'. மருமகன் ஆடுகிற விளையாட்டில் அதை 'கிட்' என்கிறார்கள்.

புரிய வைக்க தேவாரத்திலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து எத்தனையோ பேர் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். கேட்டால் எல்லோரும் "தோட்ட வேலை" என்றுதான் சொல்வார்கள். ஆனால் காய் எடுப்பது வேறு, கவாத்து வேறு, மருந்து அடிப்பது வேறு, ஸ்டோரில் நின்று காய் உலர்த்துவது வேறு, தரம் பிரிப்பது வேறு. தோட்ட வேலை என்பது கிளாஸ் என்றால், காய் எடுப்பதும் உலர்த்துவதும் சப்கிளாஸ்!

குறையைப் படி, கண்ணா!

மருமகன் எந்தப் பக்கத்தில் மாட்டியிருந்தான் தெரியுமா? சண்டைக்காரரில் 'பெர்சர்க்கர்', 'கென்சாய்'. காட்டுக் காவலரான 'ரேஞ்சரில்' 'ஆர்ச்சர்'. இந்த மூன்றில் எது? யூடியூபில் ஒருவர் இதுதான் பெஸ்ட் என்கிறார், இன்னொருவர் அது குப்பை என்கிறார். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

ஒவ்வொன்றுக்கும் கீழே சாதகம், பாதகம் என்று இரண்டு பட்டியல் இருந்தது. அவன் சாதகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறான். நான் பாதகத்தை வாசித்தேன்.

பெர்சர்க்கருக்கு வெறி வந்தால் எதிரில் யாரும் நிற்க முடியாது. ஆனால் வெறி இறங்கியதும் களைத்துப்போய் அடியும் தற்காப்பும் குறைந்துவிடும். கென்சாய் வாள்வித்தையில் மன்னன். ஆனால் கவசம் போடக் கூடாது, வில்லையும் தொடக் கூடாது. ஆர்ச்சருக்கு 3 நிலைக்கு ஒரு முறை அம்பின் குறியும் தாக்கமும் ஏறும். ஆனால் உலோகக் கவசம் கிடையாது, வாள் போன்ற கைச்சண்டை ஆயுதங்களில் அடிப்படைப் பயிற்சிக்கு மேல் போக முடியாது.

"இப்பச் சொல்லு, இந்த மூணு குறையில எதை உன்னால பொறுத்துக்க முடியும்?"

யோசித்தான். "கவசம் இல்லாம முன்னாடி போய் நிக்க எனக்கு பயம் அத்தை. தள்ளி நின்னு அடிக்கிறதுதேன் பிடிக்கும். கிட்ட வந்துட்டாங்கன்னா ஓடிருவேன்!"

மூணு நாளாக நகராத தேர், ஒரு கேள்வியில் நகர்ந்துவிட்டது.

சாதகம் எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் எல்லாம் வேண்டும் என்று தோன்றும். ஆட்டம் முழுக்க நம் கூடவே வரப்போவது குறைதான். அதோடு குடித்தனம் நடத்த முடியுமா என்று பார்த்தாலே பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடும்.

கூட்டத்தில் என்ன குறைகிறது?

அடுத்த கேள்வி, கூட யார் வருகிறார்கள்? ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இமோயன் என்ற பெண் நம்மோடு சேர்கிறாள். பூட்டுத் திறப்பது, பொறி கண்டுபிடிப்பது அவள் வேலை. கொஞ்ச தூரம் போனால் ஒரு சத்திரத்தில் காலித், ஜஹீரா தம்பதி. காலித் சண்டைக்காரர். ஜஹீராவுக்குச் சண்டையோடு இயற்கை மந்திரமும் தெரியும். முன்னால் நிற்க ஏற்கெனவே 2 பேர் இருக்கிறார்கள். பின்னால் நின்று அம்பு விட ஒரு ஆள் இருந்தால் நல்லதுதானே!

யூடியூப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. அவை தனி ஆளின் பலத்தை அளக்கின்றன. அதைப் போடுகிறவர் ஆட்டத்தைப் பல தடவை முடித்தவராக இருப்பார். முதல் முறை ஆடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்த வேண்டும் என்று அவசியம் இல்லை.

இன்னொரு யோசனையும் சொன்னேன். முதலில் ஒன்றை எடுத்து ஒரு மணி நேரம் ஆடிப் பார். கை எதற்கு இயல்பாகப் போகிறது என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் முதலிலிருந்து ஆரம்பி. ஒரு மணி நேரம்தானே போகும்? நீ ஏற்கெனவே மூணு நாளைத் தொலைத்தாயிற்று!

மாற்ற வழி உண்டா?

கோவையில் வேலை பார்க்கும் அவனுடைய அண்ணனும் லீவுக்கு வந்திருந்தான். அவன் லேப்டாப்பில் ஆடுவது 'பால்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது. அதில் 12 கிளாஸ். சிலருக்கு முதல் நிலையிலேயே சப்கிளாஸ் எடுக்க வேண்டும், சிலருக்கு 2-ம் நிலையில், பலருக்கு 3-ம் நிலையில். 2025 ஏப்ரலில் கிளாஸுக்கு ஒன்றாக 12 புது சப்கிளாஸ்களையும் சேர்த்தார்கள். (பெற்றோர் கவனத்துக்கு: இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு. சின்னவன் எட்டிப் பார்க்க வந்தபோது துரத்திவிட்டேன்.)

"எங்களுக்கு இந்தக் கவலையே இல்ல அத்தை" என்று பெரியவன் சிரித்தான். "விதர்ஸ்னு ஒருத்தர் முகாம்ல இருப்பார். 100 பொன் குடுத்தாப் போதும். கிளாஸ், சப்கிளாஸ் எல்லாத்தையும் மாத்திக் குடுத்துருவார்!"

சின்னவன் முகத்தில் பொறாமை. அவன் ஆட்டத்தில் விதர்ஸ் இல்லை. ஆனால் விதிகளைத் துருவியதில் ஒரு சந்து கிடைத்தது. மனித இனமாகப் பிறந்த பாத்திரம், அதற்குரிய மதிப்பெண்கள் இருந்தால், நடுவில் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். புதுத் தொழிலில் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். பழைய திறமை தூங்கிவிடும். புதியது பழைய நிலையைத் தாண்டியதும், அது விழித்துக்கொண்டு இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்!

படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. ஏனென்றால் பயோவேரைத் தொடங்கிய ரே முசிகா, கிரெக் செஸ்சக் இருவருமே மருத்துவம் படித்த டாக்டர்கள். 1995-ல் நிறுவனம் தொடங்கி, விளையாட்டுத் துறைக்குப் போனவர்கள். தொழில் மாறும் வித்தையை அவர்கள் வாழ்க்கையிலேயே ஆடியிருக்கிறார்கள்.

"எல்ஃப் இனத்தை எடுடா, வில்லுக்கு ஒரு புள்ளி கூட வரும்" என்றான் பெரியவன். சின்னவன் தலையை ஆட்டிவிட்டான். "வேணாம்ண்ணே. மனுசனாவே இருந்துக்கிறேன். பின்னாடி மாறணும்னா ஒரு வழியாச்சும் இருக்கும்ல?" ரேஞ்சருக்குத் திறக்கும் கதவு கிளெரிக் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு கதவுக்காக ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்தான்.

அண்ணன் சொன்ன கதை

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய அண்ணன், காபியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் மலைக்குப் போன புதுசுல எனக்கு என்ன தெரியும்னு யாருக்குத் தெரியும்? என்ன ஆகாதுன்னுதேன் மொதல்ல தெரிஞ்சுச்சு. மருந்து வாடை ஆகல, தலை சுத்துச்சு. கவாத்துக்குக் குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்கிச்சு. ராத்திரி முழிக்கிறது மட்டும் கஷ்டமாவே இல்ல. அதேன் ஸ்டோர்ல நின்னேன். அஞ்சு கிலோ பச்சைக் காய் காஞ்சா ஒரு கிலோதேன் தேறும். சூடு கூடிப்போச்சுன்னா நெறம் போயிரும். ராத்திரியெல்லாம் ஒருத்தன் முழிச்சுப் பாக்கணும்ல?"

அண்ணி எதுவும் பேசவில்லை. பெரியவனைப் போலவே சின்னவனும் கணக்கும் அறிவியலும் உள்ள முதல் குரூப்தான் எடுக்க வேண்டும் என்று அதுவரை ஒற்றைக் காலில் நின்றவர் அவர்.

சின்னவன் மெதுவாகக் கேட்டான். "குரூப்புக்கும் இந்த மாதிரி கீழ பாதகம்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தா நல்லாயிருக்கும்ல அத்தை?"

"போட்டுட்டாப் போச்சு!" ஒரு நோட்டில் நாலு பக்கம் கிழித்தோம். முதல் குரூப், பயாலஜி, காமர்ஸ், பாலிடெக்னிக் டிப்ளமோ. ஒவ்வொன்றுக்கும் கீழே, தினமும் எதைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவனே எழுதினான். முதல் குரூப்பின் கீழே, 'கணக்கு வரும். ஆனா ரெண்டு வருசமும் அதையே பார்க்கணும்.' டிப்ளமோவின் கீழே, 'ஃபிரெண்ட்ஸ் யாரும் வரமாட்டாங்க.' அதற்குப் பக்கத்தில் பெரியவன் எழுதினான், 'முடிச்சா இன்ஜினீயரிங்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். கதவு இருக்கு!'

வாழ்க்கையில் 100 பொன்னுக்கு மாற்றிக் கொடுக்கிற விதர்ஸ் இல்லை. மாறலாம், ஆனால் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பழைய படிப்பு கொஞ்ச காலம் தூங்கும், வீணாகப் போகாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டால் தேர்ந்தெடுக்கிற கை இவ்வளவு நடுங்காது என்று தோன்றியது.

நான் ஊர் திரும்பிய அடுத்த வாரம் அண்ணி போன் செய்தார். "டிப்ளமோவாம். அவனே முடிவு பண்ணிட்டான். நானும் சரின்னுட்டேன்." ஒரு நொடி இடைவெளி விட்டு, "அந்தப் பாதகம் எழுதின பேப்பரை எடுத்து வெச்சிருக்கேன். நாளைக்கு வந்து குறை சொன்னா காட்டணும்ல!"

பின்னாலிருந்து மருமகன் குரல், "அத்தை, என் ஆர்ச்சர் ரெண்டாம் நிலைக்கு ஏறிட்டான்!"