விளையாட்டுக் களமும் வெறுப்புரையும்

மக்கள் கூடும் இடமெல்லாம் ஒருவகை அவையே. அவையென ஒன்று அமையின், அதன்கண் சொல்லத் தகுவனவும் தகாதனவும் உளவாம். இவ்வுண்மையைத் தமிழ் இலக்கண நூலார் நன்கு உணர்ந்திருந்தனர். அவைக்கண் உரைத்தற்கு ஒவ்வாத சொல்லைத் தொல்காப்பியர் 'அவையல் கிளவி' எனப் பெயரிட்டார். பின்வந்த பவணந்தி முனிவர், இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனையும் தகுதி வழக்கென நன்னூலில் வகுத்தார். திருவள்ளுவரோ இனியவை கூறலுக்கும், அடக்கமுடைமைக்கும், புறங்கூறாமைக்கும், பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். நாவை அடக்குதல் தமிழர்க்குப் புதிய சிந்தனையன்று என்பது இவற்றாற் போதரும்.

இவ்விதிகள் தோன்றிய காலத்து அவையிலே, பேசுவோனும் கேட்போனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். தகாத சொல் ஒன்று பிறப்பின், முகஞ் சுளிப்போர் இருந்தனர். தடுத்துரைக்கும் மூத்தோரும் இருந்தனர். இன்று அத்தகைய அவைகளோடு முகங்காணா அவையொன்றும் தோன்றியுள்ளது. இணையவழி விளையாட்டுக் களமே அது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிறீ பயர்', 2018ஆம் ஆண்டில் கைத்தொலைபேசிக்கென வெளிவந்த 'பப்ஜி' முதலிய விளையாட்டுக்கள் இலங்கையின் இளைஞர் பலரைத் தம்பால் ஈர்த்துள்ளன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மாலைப்பொழுதில் கைத்தொலைபேசியும் கையுமாக அமரும் ஒரு மாணவன், கொழும்பிலோ சென்னையிலோ கடல் கடந்த பிறிதொரு நாட்டிலோ உள்ள அறியாதவன் ஒருவனோடு ஓரணியாகிக் களம் புகுகின்றான். ஒலிவாங்கி வழியே அவனோடு பேசுகின்றான். எழுத்து வழியாகவும் உரையாடுகின்றான். ஆட்டம் சிறிது நேரத்துள் முடிகின்றது. அணியும் கலைந்து விடுகின்றது. வழங்கிய பெயரோ புனைபெயர். பழிக்கு அஞ்சும் உணர்வு தளர்வதற்கு இவையே போதியன.

இத்தகைய களத்திலே பிறக்கும் கடுஞ்சொல் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. தோற்றவன் வென்றவனை ஏசுதலும், பிழைவிட்ட தோழனை அணியினர் கடிதலும் வசையின் பாற்படும். அவை தனியொருவனது செயலைப் பற்றியன. வெறுப்புரையோ ஒருவனை அவன் பிறந்த இனம், பேசும் மொழி, வழிபடும் சமயம், சாதி, பால் என்பன பற்றி இழித்துரைப்பது. ஐக்கிய நாடுகள் தாபனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட செயற்றிட்டமும் ஏறக்குறைய இவ்வாறே இதனை வரையறுத்துள்ளது. 'உனக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியாது' என்பது வசை. 'உன் சாதியாருக்கு இதுதான் வரும்' என்பது வெறுப்புரை. முன்னது ஆட்டத்தோடு அடங்கிவிடும். பின்னதோ, அக்களத்திலே கால் வையாத ஒரு கூட்டத்தார் அனைவர் மீதும் சென்று படுகின்றது. அவ்வணியிலே அக்கூட்டத்தைச் சேர்ந்த வேறொருவன் வாய் திறவாது இருப்பின், அவனும் அதனைக் கேட்கின்றான்.

விளையாட்டிடையே பிறக்கும் பேச்சைப் பெரிதுபடுத்தல் ஏன் என வினவுவோர் உளர். அவர்க்கு விடை இந்நாட்டின் அண்மை வரலாற்றிலேயே உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், அம்பாறை நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை உணவிற் கலக்கப்படுவதாக ஒரு வதந்தி பரவியது. கலந்ததாகக் கூறப்பட்ட பொருள் வெறும் மாவே எனப் பின்னர்ச் சோதனையில் தெளிந்தது. ஆயினும் அதற்கு முன்னரே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த சில நாட்களுள் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் அயலூர்களிலும் வன்செயல் மூண்டது. மார்ச்சு 6ஆம் நாள் நாட்டில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. வெறுப்பை விதைத்த சொற்களுட் பெரும்பாலன கைத்தொலைபேசி வழியே முகநூல் முதலிய ஊடகங்களிற் பரவியவை. அவற்றுட் சிலவற்றைக் குறித்துப் பொதுமக்கள் முறையிட்டபோது, அவை விதியை மீறவில்லை என்றே நிறுவனத்திடமிருந்து விடை வந்தது. சிங்களம் அறிந்த பரிசோதகர் அந்நாளில் அதற்குப் போதியவராக இருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் தன் பங்கினை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

அச்சொற்கள் விளையாட்டுக் களத்திற் பிறந்தவை அல்ல என்பது உண்மையே. ஆயின், இரண்டும் வாழும் கருவி ஒன்றே. கையாளும் தலைமுறையும் ஒன்றே. ஓரிடத்திற் பழகிய நா மற்றோரிடத்தில் திருந்திவிடும் என எதிர்பார்த்தற்கு இடமில்லை. ஆதலின், இச்சொற்களை அடக்குதற்குக் கையாளப்படும் வழிகள் யாவை, அவற்றின் வலியும் மெலிவும் யாவை என்பன ஆராயத்தக்கன.

முதலாவது வழி சொற்சல்லடை. தகாத சொற்களின் பட்டியல் ஒன்றைப் பொறியிடம் கொடுத்துவிட்டால், அவை தோன்றும்போதெல்லாம் பொறி அவற்றை மறைத்துவிடும். செலவு குறைந்ததும் விரைவானதும் இவ்வழியே. எனினும், சொல்லின் பொருள் சொல்லில் மட்டும் உறைவதன்று. 1996ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனமொன்றின் சல்லடை, இங்கிலாந்திலுள்ள ஸ்கந்தோப் என்னும் நகரத்தாரைப் பதிவு செய்யவிடாது தடுத்தது. அந்நகரின் பெயருக்குள் ஓர் இழிசொல்லின் எழுத்துக்கள் தற்செயலாய் அமைந்திருந்தமையே காரணம்.

தமிழில் இவ்விடர் மேலும் பெரிது. 'பறை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. அகப்பொருள் இலக்கணத்தில் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளுள் அதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் 'பறைதல்' என்பது பேசுதலைக் குறிக்கும் அன்றாடச் சொல். அச்சொல்லையே சாதி இழிவு கற்பித்து வீசுவாரும் உளர். சல்லடை அதனைத் தடுப்பின், பேத்தியை நோக்கி 'என்ன பறையிறாய்' என வினவும் மூதாட்டியின் வாயையும் அடைத்ததாகும். தடாது விடின், இழித்துரைப்போனுக்கு வழி திறந்ததாகும்.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. 'வடக்கத்தியான்' என்னுஞ் சொல்லை அகராதியிற் காண்போன் அதன்கண் யாதொரு தீமையும் காணான். வட திசையான் என்பதே அதன் பொருள். ஆயின் வன்னியில் அதன் வழக்கு வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டு முதலிய வன்செயல்களால் மலையகத்தை விட்டுப் பெயர்ந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு திருத்திக் குடியேறிய இந்திய வம்சாவளித் தமிழரை வேற்றவராக்கிப் பேசுதற்கே அச்சொல் பயன்பட்டு வந்துள்ளது. 'தோட்டக்காட்டான்' என்பதும் இத்தகையதே. வெறுப்புரையைப் பற்றிப் பேசுங்கால் பிற இனத்தார் சொற்களையே எண்ணும் தமிழர், தம்முள் ஒரு பகுதியினரை நோக்கித் தாமே வழங்கும் இச்சொற்களை மறத்தலாகாது. வெளிநாட்டில் இருந்து பட்டியல் ஆக்கும் ஒருவன் இவற்றை அறியான். வன்னியில் வாழ்வோன் அறிவான்.

சல்லடையை ஏமாற்றும் சூழ்ச்சியும் பழையதே. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் குழூஉக்குறிகள். பிறர் அறியாவண்ணம் ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்கும் சொல் அது. தடைசெய்யப்பட்ட சொல்லுக்கு ஈடாக இளைஞர் எண்களையும் படக்குறிகளையும் புதுச் சொற்களையும் ஆக்கிக்கொள்வதும் அதே முறையே. மேலும், அவர்கள் தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்தில், ஒரு சொல்லைப் பலவாறாக எழுதுகின்றனர். 2023ஆம் ஆண்டில் 'கோல் ஒவ் டியூட்டி' என்னும் விளையாட்டிற் குரலையும் கேட்டாராயும் பொறி புகுத்தப்பட்டது. அது முதலில் ஆங்கிலப் பேச்சிலேயே தொடங்கியது. சிறிய மொழிகளின் முறை எப்பொழுதும் பின்னரே வருகின்றது.

இரண்டாவது வழி, ஆடுவோரையே நடுவராக்குதல். 'லீக் ஒவ் லெஜன்ட்ஸ்' என்னும் விளையாட்டை 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட றயற் கேம்ஸ் நிறுவனம், 2011இல் ஒருவகை நடுவர் மன்றத்தை அமைத்தது. முறையிடப்பட்டவன் எழுதிய சொற்களை ஏனைய ஆட்டக்காரர் படித்து, அவன் ஒறுக்கத்தக்கவனா, மன்னிக்கத்தக்கவனா என வாக்களித்தனர். 2014ஆம் ஆண்டளவில் அம்மன்றம் நின்றுவிட்டது. தீர்ப்புக்கும் குற்றத்துக்கும் இடையே காலம் நீண்டது அதன் குறைகளுள் ஒன்று. எனினும், அந்நிறுவனத்தில் ஜெவ்றி லின் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் கண்ட முடிபுகள் சிந்திக்கத்தக்கன. இடைவிடாது தீச்சொல் பேசுவோர் ஆட்டக்காரருள் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. அவர்களால் விளைந்தது மொத்தத் தீச்சொல்லில் 5 விழுக்காடளவே. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி, ஏனைய நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண மக்கள் ஒரு நாள் நிதானம் இழந்து பேசியதே. எதிரணியோடு உரையாடும் வசதியை, வேண்டுவோர் தாமே திறந்துகொள்ளுமாறு மூடி வைத்தபோது, ஒரு கிழமைக்குள் தீய உரை 30 விழுக்காட்டிற்கு மேற் குறைந்தது. உரையாடலின் அளவோ பெரிதுங் குறையவில்லை. காரணங் கூறாது விலக்கப்பட்டவனினும், தான் கூறிய சொல்லையே சான்றாகக் காட்டி விலக்கப்பட்டவன் திருந்துதல் மிகுதி என்பதும் புலனாயிற்று.

இம்முடிபுகள் வகுப்பறையை அறிந்தோருக்கு வியப்பளிக்கமாட்டா. காரணம் அறியாது அடிபட்ட மாணவன் அடித்தவரை வெறுக்கக் கற்கின்றான்; பிழையைக் கண்ணாற் கண்டவன் பிழையை வெறுக்கக் கற்கின்றான்.

மூன்றாவது வழி, அரசு தலையிட்டு அடைத்தலும் ஒறுத்தலும். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலும், 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் இலங்கை அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. தீப்பற்றிய வீட்டின் கதவைச் சாத்துதல் போல்வது இது. புகை வெளியே வாராது. உள்ளிருப்போர் உதவி கேட்டு எழுப்பும் குரலும் வாராது. சட்டங்களும் உள. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனைச் சட்டம், இன சமயப் பகைமையைத் தூண்டுதலுக்குப் பத்தாண்டு வரையான கடூழியச் சிறையை விதிக்கின்றது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. அதன் சொற்கள் வரையறை அகன்றவை எனப் பலர் எதிர்த்தனர்.

சட்டம் வேண்டுவதே. ஆயின், சொல்லைப் படித்தறியாத கையில் அது சேரின் விளைவு கொடிது. 2019ஆம் ஆண்டு மே மாதம், சிலாபத்திலே கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய சிறு வாக்கியமொன்று, பிறிது மொழியில் அச்சுறுத்தலாகக் கொள்ளப்பட்டது. மக்கள் திரண்டு கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கினர், ஊரடங்கு பிறந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்துள் அடங்கும் மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலின் பொருட்டு 2020ஆம் ஆண்டு மே மாதத்திற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்நூலிலே உள்ளன. அவர் 2021ஆம் ஆண்டு திசெம்பரிலேயே பிணையில் வெளிவந்தார். 2023ஆம் ஆண்டு திசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெறுப்பற்ற சொல்லை வெறுப்பெனக் கொள்வதும், திகனைக் காலத்து வெறுப்பை வெறுப்பன்றெனக் கொள்வதும் ஒரே குறையின் இரு பக்கங்கள். மொழியறியாமையே அக்குறை.

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்றுண்டு. பட்டியலும், வாக்கும், சட்டமும் தத்தம் அளவிற் பயன்படுவன. அம்மூன்றும் பயன்தருவது, சொல்லின் வழக்கை அறிந்த ஒருவர் அவ்விடத்து இருக்கும்பொழுதே. அவையல் கிளவி எது என்பதை அவையே அறியும். ஆகவே, பெருநிறுவனங்கள் இந்நாட்டு இளைஞரிடம் பணம் ஈட்டுங்கால், தமிழும் சிங்களமும் அவற்றின் வட்டார வழக்கும் அறிந்தாரைப் பணிக்கு அமர்த்தல் அவற்றின் கடன். விலக்கப்படுவோனுக்குக் காரணத்தை அவன் மொழியிற் கூறுதலும், மேன்முறையீட்டுக்கு இடம் வைத்தலும் அக்கடனின் பகுதிகளே.

எஞ்சிய கடன் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உரியது. வவுனியாவிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிங்களும் ஒரே சந்தையிற் கூடுகின்றனர். 2021ஆம் ஆண்டில் அங்கு எழுந்த பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலும் மூவினத்து மாணவரும் ஒருங்கு கற்கின்றனர். பகலில் ஒரு வாங்கில் அமர்ந்து கற்பவனை, இரவில் புனைபெயருக்குள் மறைந்து இழித்துரைக்கும் நா, கல்வியின் பயனை எய்தியதாகாது. போரினால் உற்றாரையும் ஊரையும் இழந்த வன்னி மண்ணுக்கு, சொல் எங்ஙனம் ஆயுதமாகும் என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. அம்மண்ணின் மாணவன், எதிரணியில் இருப்போனுக்கும் ஒரு முகம் உண்டு, ஒரு தாய் உண்டு என்பதை நினைந்து ஒலிவாங்கியைத் திறப்பானாயின், முகங்காணா அவையும் அவையாகும்.