முணுமுணுப்பும் முழக்கமும்

றொக் இசை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருவணிகமாக வளர்ந்த காலத்தில், அவ்வணிகத்தின் வாயிலுக்குப் புறத்தே நின்று பாடிய குழுக்கள் பல 1980 ஆம் ஆண்டையடுத்துத் தோன்றின. அவற்றின் இசை மாற்று றொக் எனப் பெயர் பெற்றது. மாற்று என்னுஞ் சொல் இங்கே ஒரு தாளத்தையோ மெட்டையோ குறிப்பதன்று. நடப்பிலுள்ள முறைக்கு இணங்காத மனப்பாங்கையே குறிப்பது. இக்குழுக்களின் இசைத்தட்டுக்களுள் என் உள்ளத்துக்கு மிக உகந்தவை நான்கு. அந்நான்கினையும் வரிசையாகக் கேட்பவர்க்கு ஒரு வினா எழும்: மெருகு ஏற ஏற இசை வளர்கின்றதா, தேய்கின்றதா?

முதலாவது, ஆர்.ஈ.எம். என்னுங் குழு 1983 இல் வெளியிட்ட 'மேர்மர்'. முணுமுணுப்பு என்பது அச்சொல்லின் பொருள். ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரில் 1980 இல் உருவான நால்வர் குழு இது. இசைத்தட்டு நிறுவனம் முதலில் அமர்த்திய தயாரிப்பாளர், ஒரே பாட்டைப் பன்முறை வாசிப்பித்து, அதன்மேல் மின்னியக்க ஒலிகளையுஞ் சேர்த்தார். குழுவினர் அதனை விரும்பாது, முன்பு தம்மோடு பணியாற்றிய மிச் ஈஸ்டரிடமே மீண்டனர். அவரும் டொன் டிக்சனும் சேர்ந்து உருவாக்கிய தட்டில், மைக்கல் ஸ்டைப் பாடும் சொற்கள் பல தெளிவாய் விளங்கா. ஆயினும், அடுத்த அறையிற் பேசுவோர் குரல் நம் செவியைக் கூர்மையாக்குவது போல, அத்தெளிவின்மையே நம்மை உற்றுக் கேட்கச் செய்கின்றது. மாணவர் நடத்திய சிறு வானொலி நிலையங்கள் இக்குழுவின் இசையைப் பரப்பின. 'றோலிங் ஸ்டோன்' ஏடு அவ்வாண்டின் சிறந்த தட்டாக இதனையே தெரிந்தெடுத்தது.

இரண்டாவது, பொஸ்ரன் நகரத்துப் பிக்சீஸ் குழுவின் 'சேர்பர் றோசா'. 1988 இல் வெளிவந்தது. இதனைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. அறையில் எழும் ஒலியை எழுந்தவாறே பிடித்துக் கொடுப்பதே தம் தொழில் என்பது அவர் கொள்கை. எதிரொலியை இயந்திரத்தால் உண்டாக்க மனமின்றி, சில பாடல்களைக் குளியலறையில் நின்று பாடுவித்தார். மெல்லெனத் தொடங்கும் பாட்டு ஒரு நொடியில் இடியென முழங்கும், மறுநொடியில் அடங்கும். இவ்வேற்ற இறக்கமே பின்வந்தோர் பலர்க்கு இலக்கணமாயிற்று.

அவ்விலக்கணத்தைக் கற்றோருள் ஒருவர், நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேன். பிக்சீஸ் குழுவிடம் தாம் பட்ட கடனை அவர் மறைத்தவரல்லர். 1991 செப்டெம்பரில் அவர் குழுவின் 'நெவர்மைண்ட்', அமெரிக்கக் கடைகளுக்கு ஏறக்குறைய 50,000 பிரதிகளுடனேயே வந்தது. 1992 ஜனவரியிலோ, மைக்கல் ஜக்சனின் 'டேஞ்சரஸ்' தட்டைக் கீழிறக்கி, பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது. வாயிலுக்குப் புறத்தே நின்றோர் மண்டபத்தின் நடுவே வந்துவிட்டனர். ஆனால், அத்தட்டின் ஒலியில் மெருகு மிகுந்துவிட்டதெனக் கோபேன் பின்னர்க் குறைபட்டுக் கொண்டார்.

ஆகவே அடுத்த தட்டுக்கு அவர் அல்பினியை நாடினார். 1993 பெப்ரவரியில், மினசோட்டா மாநிலத்தில், ஏறத்தாழ இரண்டு கிழமைகளுள் 'இன் யூட்டெரோ' பதிவாயிற்று. விற்பனையிற் பங்கு வேண்டாம், குழாய் பொருத்துவோருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்குரிய கூலியே போதும் என்றார் அல்பினி. கரடுமுரடான அவ்வொலியைக் கேட்டு நிறுவனத்தார் கலங்கினர். ஈற்றில், ஆர்.ஈ.எம். குழுவின் தயாரிப்பாளராயிருந்த ஸ்கொட் லிற் இரு பாடல்களின் ஒலிச்சேர்க்கையை மாற்றியமைத்தார். ஏனையவற்றில் அல்பினியின் கைத்திறனே நிலைத்தது. அத்தட்டும் முதலிடம் பெற்றது. கோபேன் 1994 ஏப்ரிலில் மறைந்தார். அல்பினி 2024 இல் மறைந்தார்.

மெருகு தீதன்று. 'நெவர்மைண்ட்' தட்டை உலகறியச் செய்ததில் அதற்கும் பங்குண்டு. ஆயினும், பாடுவோரின் மூச்சும் அறையின் அதிர்வும் மறையுமளவுக்கு மெருகிட்டால், எஞ்சுவது பண்டமேயன்றிப் பாட்டன்று. பெரும்புகழ் அடைந்த பின்னரும் இதனை மறவாது கரட்டொலியைத் தேடிச் சென்ற துணிவுக்காகவே, நான்கினுள்ளும் 'இன் யூட்டெரோ' தட்டை நான் முதலாவதாக வைப்பேன்.

விரும்பிய ஒரு பாட்டை மட்டும் பறித்தெடுத்துக் கேட்கும் வசதி இன்று நம் கைக்குள் இருக்கின்றது. இத்தட்டுக்களை அவ்வாறு கேட்டல் ஆகாது. 'இன் யூட்டெரோ' தட்டின் ஈற்றில் வரும் அமைதியான பாட்டு, அதற்கு முன்னுள்ள ஆரவாரத்தைக் கடந்து வந்தவர்க்கே முழுதும் இனிக்கும். ஓர் இரவு முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி, முதற்பாட்டிலிருந்து வரிசை மாறாது கேட்டுப் பாருங்கள்.